நீல நோட்டு

உருக்காலையில் ஷிப்டு முடிய இரண்டு மணி.
காப்பகம் போய்ச் சேர்வதற்குள்
ராஹே நகரத்துக்குச் சூரியன் சலித்துவிடும். ஜனவரி.

உலர்த்தும் அலமாரியில்
கையுறைகள் தலைகீழாய்த் தொங்கும்.
அதன் மேல்தட்டில் என் மகள் ஹில்லாவின் நீல நோட்டு.
சிர்க்கு பென்சிலால் எழுதியிருப்பாள்:
"மூச்சா மூன்று முறை, சட்டியில்.
ஜட்டி நனையவில்லை."

மூன்று முறை!
என் வீட்டில் அந்தப் பச்சைச் சட்டி
தொப்பியாக இருந்திருக்கிறது,
பொம்மை நாய்க்குப் படகாக இருந்திருக்கிறது,
ஒரு நாள் அதில் உருளைக்கிழங்கு வெந்தது.
தான் எதற்கு என்பது மட்டும்
அதற்கு இன்னும் தெரியாது.

எதிரே தரையில் உட்கார்ந்திருப்பேன்.
வருதா?
வரல.
குழாயைத் திறந்துவிடுவேன்.
தண்ணீர் ஓடும் சத்தத்தில்
எனக்குத்தான் வரும்.

போதும் என்று எழுப்பி ஜட்டி மாட்டினால்
இரண்டே நிமிடம்,
சோபாவுக்குப் பின்னால் ஒரு மௌனம்.
தரையில் அது மெல்லப் பரவுவதை
ஹில்லா குனிந்து பார்ப்பாள்,
யாரோ வந்து போய்விட்டுப் போனதுபோல.

"வீட்டில் எப்படி?" என்று
நோட்டில் ஒரு கட்டம் உண்டு.
"நன்றாகப் போகிறது" என்று எழுதினேன்.
மறுநாளும் எழுதினேன்.
ஐந்து வாரம் நன்றாகவே போனது, அந்தக் கட்டத்துக்குள்.
சனி ஞாயிறு அவள் அம்மாவிடம், ஓலுவில்.
அங்கே எப்படி என்று கேட்க
எனக்குத் தைரியம் இல்லை.

புதன் இரவு மூன்றாவது விரிப்பு.
கத்திவிட்டேன்.
உலைக்கூடத்தில் இயந்திரத்தை மீறிப் பேசிப் பழகிய தொண்டை,
இரண்டு அறை வீட்டுக்கு அது அதிகம்.
அவள் அழவில்லை.
சட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்,
கட்டிலுக்கடியில் தள்ளி
தன் போர்வையால் மூடினாள்.
அதன் காதில் விழக்கூடாது என்று.

வாஷிங் மெஷின் சுற்றி முடியும்வரை
சமையலறையில் உட்கார்ந்திருந்தேன்.
பிறகு எழுதினேன், பேனாவால்:
"தினமும் நனைக்கிறாள். ஐந்து வாரமாக.
இன்று நான் கத்தினேன்."

வியாழன், சிர்க்கு எதுவும் கேட்கவில்லை.
மாற்றுத் துணிப் பையைக் கொடுத்தாள்,
ஹில்லாவின் ஜிப்பைத் தாடைவரை இழுத்துவிட்டாள்,
அடுத்த குழந்தையின் பூட்ஸைத் தேடக் குனிந்தாள்.

காருக்குள் விளக்கைப் போட்டு நோட்டைத் திறந்தேன்.
என் வரிகளுக்குக் கீழே பென்சில்:
"இங்கேயும் திங்களன்று. நேற்றும்,
சறுக்குமரத்தின் உச்சியில், வரிசை முழுக்க நிற்கும்போது.
வாசலில் உங்கள் முகத்தைப் பார்த்தேன்.
எழுதவில்லை."
பக்கங்களைப் பின்னால் திருப்பினேன்.
பல 'மூன்று'களுக்கு அடியில்
ரப்பர் தேய்த்த சாம்பல் தடம்.
ஒரு இடத்தில் 'ஒன்று' நன்றாகவே தெரிந்தது.

சிரிப்பு வந்துவிட்டது, தனியாக, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு.
பின்சீட்டிலிருந்து, "அப்பா, மூச்சா."

பாலம் தாண்டி, மைனஸ் பதினெட்டு.
ஓரமாய் நிறுத்தி
பெல்ட், பனியுடை, தோள்பட்டி,
கம்பளிப் பேன்ட், அதற்குள் இன்னொன்று.
என் விரல்கள் எல்லாம் கட்டைவிரல்களாகிவிட்டன.
கடைசி அடுக்கைத் தொடும்போதே வெதுவெதுப்பு.
விடவில்லை. அப்படியே தூக்கிப் பிடித்தேன்.

மிச்சம் பனியில் இறங்கியது.
விரல் நுழையும் அளவு மஞ்சள் பள்ளம்,
அதிலிருந்து ஆவி.
லாரி ஒன்று வெளிச்சத்தை வீசிவிட்டுப் போனது.
அவள் வெகுநேரம் உற்றுப் பார்த்தாள்.
"என்னுது," என்றாள்.

கார் கதவைத் திறப்பதற்குள் ஈரக் காலுறை விறைத்துவிட்டது.
என் கோட்டில் சுற்றி அவளைச் சீட்டில் வைத்து
டாஷ்போர்டில் துழாவினேன்.
எங்கோ ஒரு பென்சில் இருந்தது.
கட்டத்துக்குள் எழுதினேன்: பாதி.